பழசா, புதுசா

அன்று காலையில் பூபதிக்கு மோர் பிடிக்காமல் போயிருந்தது. டம்ளரை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்து, "இதுல என்னத்தக் கலந்த அம்மிணி?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து குடிக்கிற மோர். கோகிலவாணி வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மோர் மோராகத்தான் இருந்தது.

"தூங்கறப்ப மறுபடி எதையோ மாத்தீட்டானுங்க மாமா," என்றாள்.

பூபதி போனை எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. விழுங்குகிற வேலைக்கான பொட்டலத்துக்குப் புதுப் பதிப்பு வந்து இறங்கியிருந்தது. 'புளிப்புணர்வு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று பெருமையாக வேறு போட்டிருந்தான் கம்பெனிக்காரன். யார் கேட்டார்கள் இவனை மேம்படுத்தச் சொல்லி? போன வாரம் இடது கை செருப்பு மாட்டுகிற விதம் மாறியது. அதற்கு முன்னால் ஒருநாள் தும்மலின் சத்தம் மாறி, பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தள்ளியது. ஒரு மனுஷன் தன் உடம்புக்குள்ளேயே வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி ஆகிவிட்டது பிழைப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பூபதி என்றால் ஈரோடு ஜில்லாவில் கபடி பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். டயர் கடை வைத்திருந்தார், ஆனால் அது சோற்றுக்கு. உயிர் மைக்கில் இருந்தது. ஆட்டக்காரன் கோட்டைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அவன் ஊர், அவன் அப்பன் பேர், போன வருஷம் எந்தக் களத்தில் யாரிடம் பிடிபட்டான் என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிடுவார். சிரித்துச் சிரித்து ஜனங்கள் ஆட்டத்தைக் கோட்டைவிட்டதும் உண்டு. காங்கேயத்தில் ஓர் அரையிறுதியில், பாதி வாக்கியத்தில், மைக் கையிலிருந்து நழுவியது. மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது.

காதுக்குப் பின்னால் கருவி வைத்தார்கள். செத்துப்போன மூளைப் பகுதியின் வேலையை அது பார்க்கும். அப்போதெல்லாம் அதற்குள் இருந்தது முழுக்கட்டு. நடை, பேச்சு, விழுங்கல், சமநிலை எல்லாம் ஒரே சதையாக ஒரே தடவையில் எழுதி வைத்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி வந்தது. ஆனால் இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படியே.

பிறகு கம்பெனிக்காரன் எல்லாரையும் பேக்கேஜுக்கு மாற்றினான். நடைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் தனித்தனியாக வரும், தனித்தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும். கோகிலா அதைப் பொட்டலம் என்றாள், வீட்டில் அதுவே பேராகிவிட்டது. குறை சொல்வதற்கில்லை, பேச்சுப் பொட்டலம் இறங்கிய மறுவாரமே பூபதி பழையபடி மைக்கைப் பிடித்தார். பழையதைவிட வேகம். முதல் ஆட்டத்தில் மகள் மிதுலா முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொண்டாள்.

அந்த மிதுலாதான் போன ஐப்பசியில் டெங்குவில் போனாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரம் தாங்கவில்லை.

பூபதி அழவில்லை.

ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னார், பந்தலுக்கு ஆள் அனுப்பினார், வந்தவர்களுக்குக் காபி போனதா என்று விசாரித்தார். மகளைத் தூக்கும்போது, "கால் பக்கம் பார்த்து, படி இருக்குது," என்று நிதானமாகச் சொன்னார். பெரியம்மா முறையாகிற ஒருத்தி அவர் காதுபடவே, "கல்லு மாதிரி நிக்கறான் பாரு," என்றாள். கோகிலா அழுது அழுது மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர்தான். எழுப்பிவிட்டு, சாமியானாக்காரனிடம் பேசப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது கோகிலாவுக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவரே போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இதப் பாரு அம்மிணி. இவந்தான்."

பொட்டலங்களின் வரிசையில் நடுவில் ஒன்று. 'உணர்ச்சிச் சமன் – நிறுவப்பட்டது.'

"என்ற புள்ள செத்து, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. நானும் எனக்கு என்னாச்சு, என்னாச்சுன்னு மண்டையப் பிச்சுக்கறேன். இவன் உள்ள உக்காந்து அடைச்சு வெச்சிருக்கான்," என்றார்.

கோகிலாவுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். வெறுப்பதற்கு இனி இன்னோர் ஆள் கிடைத்தான். அவள் புருஷன் அவளுக்குத் திரும்பக் கிடைத்தார்.

அதிலிருந்து பூபதி ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. மிதுலாவின் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணுவார், அணைப்பார். மாடிக்குப் போவார், போன வேகத்தில் இறங்குவார். அவளுடைய போட்டோக்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்ப்பார், கண்ணைக் கசக்குவார், எழுந்து போய்விடுவார். "எனக்கு வந்தாகோணும் அம்மிணி," என்பார். "அவளுக்கு நான் அழுதாகோணும். எனக்கு அதைத் திருப்பி வாங்கிக் குடு." மைக்கை மட்டும் விடவில்லை. அங்கேதான் ஒரு மணி நேரமாவது நிலையாக நின்றார்.

மோர் பிடிக்காமல் போன அன்றைக்குத்தான் பொறுமை போனது. "போதும். என்னைப் பழைய கட்டுக்கே மாத்தச் சொல்லு," என்றார்.

கோயமுத்தூரில் அந்த வேலையைச் செய்கிறவர் டாக்டர் ஷமீமா. நாற்பது வயதுக்காரர், நறுக்கென்று பேசுவார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டார். இருவரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு முதலில் அவர்தான் கேட்டார்.

"வீட்டுல வெச்சு எதையாவது நீக்கிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. பயமாயிருந்துச்சு," என்றாள் கோகிலா.

"நல்லவேளை. திருப்பூர்ல ஒருத்தர் மச்சான் பேச்சைக் கேட்டுப் போன்லேயே 'நீக்கு'ன்னு அழுத்திட்டார். அன்னையிலேர்ந்து அவருக்கு எச்சில்கூட இறங்கல, குழாய் வழியாத்தான் சாப்பாடு."

"ஒண்ணே ஒண்ணை எடுத்தா என்னங்க? அந்த உணர்ச்சிச் சமனை மட்டும்?" என்று பூபதி கேட்டார்.

"பொட்டலமா மாத்தினப்போ அடித்தளத்துக்கு மேல வெக்கலங்க. அடித்தளத்தையே நறுக்கி நறுக்கிப் பொட்டலம் கட்டிட்டாங்க. ஒண்ணை உருவினா எது எது சேர்ந்து வரும்னு சொல்ல முடியாது. தரையே கூட வந்துடும். அதனால நான் எதையும் நீக்க மாட்டேன். முழுக்கட்டை மேலேயே இறக்குவேன். அது நல்லா உக்காந்ததும் கருவியை அந்தப் பொட்டலக் கணக்கை மறக்க வெப்பேன். அதுக்கப்புறம் புதுப்பிப்பு எதுவும் வராது. நாளைக்கு ஏதாவது கோளாறுன்னாலும் துண்டா ஒட்டுப் போட முடியாது, மொத்தமா மறுபடி எழுதணும். இன்னொரு தடவை பொட்டலத்துக்கு மாறவும் கம்பெனி விடாது."

"விட வேண்டாம்," என்றார் பூபதி.

"இன்னொண்ணு. இந்த ரெண்டு வருஷத்துல உங்களுக்குள்ள நிறைய மாறியிருக்கும். பழைய கட்டுல ஒரு மாதிரி இருக்கும், இப்ப உள்ள வேற மாதிரி இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாத ஒவ்வொரு இடத்துலயும் கருவி நிக்கும், கேக்கும். பழசா, புதுசான்னு. நீங்க தூங்கிட்டிருப்பீங்க. கூட இருந்து பார்த்தவங்கதான் பதில் சொல்லணும்."

இது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம். டாக்டர் சொல்லக்கூடாது, கம்பெனி சொல்லக்கூடாது. பெண்டாட்டியோ, பிள்ளையோ, ஒரே அறையில் தூங்கி எழுந்த ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நாளைக்கு வம்பு வந்தால் கம்பெனி தலையில் விடியாது என்பதும் ஒரு காரணம்தான்.

பூபதி கோகிலா பக்கம் திரும்பினார். "எதைக் கேட்டாலும் பழசுன்னு சொல்லு. பேச்சுங்கூட."

"பேச்சு போனா மைக்குங்க மாமா?"

"மைக்கு கெடக்குது. எது எதோட ஒட்டிக்கிட்டிருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணை விட்டாலும் அவன் அதுக்குள்ள ஒளிஞ்சுக்குவான்."

கோகிலா தலையாட்டினாள். மனசுக்குள் அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். மற்றதெல்லாம் பழசு, பேச்சு மட்டும் புதுசு. திட்டினால் திட்டட்டும். பெற்றதுதான் போய்விட்டது, இருக்கிற குரலையும் எவனாவது கிணற்றில் போடுவானா என்பது அவள் வாதம்.

பூபதியைத் தூங்க வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பி. கோகிலா திரை முன்னால் உட்கார்ந்தாள். கருவி கேட்டதை ஷமீமா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"படி ஏறும்போது முதல்ல எந்தக் கால்? பழசுல வலது. புதுசுல இடது."

"பழசுங்க."

"தூக்கத்துல திரும்பிப் படுக்கிறது. புதுசுல அதிகமா இருக்கு."

"பழசு."

"புளிப்பு."

"பழசுங்க. சத்தியமா பழசு," என்று கோகிலா சொன்னபோது ஷமீமாவே சிரித்துவிட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஷமீமா கையை நிறுத்தினார். திரையை முன்னும் பின்னும் தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார். கோகிலா திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பயப்படாதீங்க, அவருக்கு ஒண்ணுமில்ல. அந்த உணர்ச்சிச் சமன் இருக்கில்ல, அது பதிவுல இருக்கு. ஆனா உள்ள இல்ல."

"இல்லீன்னா?"

"இறங்கவே இல்ல அக்கா. பேர் மட்டும் ஏறியிருக்கு. இது உக்காரணும்னா கருவி இதைவிடப் புது மாடலா இருக்கணும். அவரோடது பழைய மாடல். இறங்க ஆரம்பிச்சு, இடமில்லாம அப்படியே நின்னுடுச்சு. போன் அது தெரியாம 'நிறுவப்பட்டது'ன்னு காட்டிட்டே இருந்திருக்கு. அந்தப் பக்கம் பழசும் புதுசும் ஒண்ணாத்தான் இருக்கு, ஒரு புள்ளிகூட மாறல."

"அப்ப அவருக்கு அழுகை வராதது?"

ஷமீமா திரையிலிருந்து கையை எடுத்தார். "அதுக்கும் எங்க சாமானுக்கும் சம்பந்தம் இல்லக்கா. அது அவர்தான்."

கோகிலா திரும்பினாள். கட்டிலில் வாய் லேசாகத் திறந்து தூங்குகிற புருஷனைப் பார்த்தாள். சாமியானாக்காரனிடம் நடந்து போன அந்த முதுகு மறுபடி கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை மாதமாகத் திட்டித் தீர்த்த பொட்டலம் அங்கே இல்லவே இல்லையாம். எழுப்பி நாலு அறை விடலாமா என்று வந்தது. மறுநிமிஷமே, இந்த மனுஷன் இதைக் கேட்டால் என்ன ஆவான் என்று நினைத்தாள், கோபம் அத்தனையும் பயமாக மாறிவிட்டது. ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி அணைத்துக்கொண்டு நின்றவனுக்கு ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. நான் இல்லை, அவன்தான் என்கிற பிடிமானம்.

"ஏனுங்க, ஒரு மனுசனுக்கு அழுகை வராம இருக்குமுங்களா? பெத்த புள்ளைக்கு?"

"இருக்கும். அதிர்ச்சியில சிலருக்கு உறைஞ்சு போயிடும். சிலர், நான் உடைஞ்சா வீடே உக்காந்துடும்னு இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க, அப்புறம் விடத் தெரியாது. பாசம் இல்லைன்னு அர்த்தமில்ல. மனநல டாக்டர்கிட்ட காட்டலாம், நானே எழுதித் தர்றேன்." ஷமீமா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "இன்னும் எதுவும் எழுதலக்கா. இப்பவே நிறுத்திடலாம். எழுப்பி, உள்ளதைச் சொல்லிடுவோம். பேச்சும் அப்படியே இருக்கும், மைக்கும் இருக்கும்."

கோகிலா முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு, "நிறுத்த வேண்டாமுங்க. நடக்கட்டும்," என்றாள்.

"எதுக்கு? எதை எடுக்கணும்னு வந்தீங்களோ அதுவே இல்லையே."

"அவரு எந்திரிச்சதும் அது போயிருச்சுன்னு சொல்லப் போறனுங்க."

ஷமீமாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. முகம் இறுகியது. "அது பொய்."

"ஆமாங்க. பொய்தான்."

"சரி, அது உங்க வீட்டு விஷயம். பேச்சையாவது புதுசாவே விட்டுடுங்க. இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும். எங்க பக்கம் ஒரு தடையும் இல்ல."

"அப்படி விட்டா நம்ப மாட்டாருங்க. எந்திரிச்சதும் மைக்குல பேசற மாதிரி கடகடன்னு பேசினாருன்னா, ஒண்ணும் போகலேன்னு அவருக்கே தெரிஞ்சுரும். காலு இழுக்கோணும், பேச்சு தட்டோணும். அப்பத்தான் அதுவும் போச்சுன்னு நம்புவாரு."

"அவரோட குரலை எடுக்கறீங்கக்கா நீங்க."

"அவரே எடுக்கச் சொன்னதுங்க."

"அவர் தெரியாம சொன்னார். நீங்க தெரிஞ்சு சொல்றீங்க."

தெரிந்தேதான் கோகிலா அதைச் செய்தாள், அதை மறைப்பதற்கில்லை. ஷமீமா அறையை விட்டு வெளியே போனார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலில் மரியாதை இருந்தது, அக்கா இல்லை.

"பேச்சு. பழசா, புதுசா?"

முதல் ஆட்டத்தில் முன்வரிசையில் விசிலடித்தவள் ஒரு கணம் வந்து நின்றாள். கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பழசுங்க," என்றாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. பூபதி கண் விழித்தார். கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒரு சொல் வருவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"போ... யிருச்சா?"

"போயிருச்சுங்க மாமா."

அவர் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா கம்பியைச் சுற்றி வைக்கிற வேலையில் மும்முரமாக இருந்தார்.

பூபதி காத்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் குழப்பம் ஏறுவதைக் கோகிலா பார்த்தாள். ஐயோ, குரலையும் கொடுத்து இதுவும் இல்லையா, பாவி நான் என்ன காரியம் பண்ணினேன் என்று அவளுக்கு உள்ளே எரிந்தது. அந்தப் பதற்றத்தில்தான் அது வாயில் வந்தது. இத்தனை மாதம் அவள் அதை அவரிடம் சொன்னதில்லை. கல்லிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தாள்.

"மாமா, கடைசி நாள் நீங்க ரத்தத்துக்கு அலைஞ்சிட்டிருந்தீங்கல்ல, அப்ப மிது கண்ணு முழிச்சா. அப்பா எங்கன்னு கேட்டா. வந்தருவாரு தூங்கு சாமின்னேன். அதுக்கு அவ, அப்பா வந்ததும் எழுப்பும்மா, பைனல்ல யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்கோணும்னா."

பூபதியின் உதடு அசைந்தது. சொல்ல வருகிறார், வரவில்லை. நாக்கு மடங்கி மடங்கி நின்றது. முன்பென்றால் பைனலில் ஜெயித்த ஊரின் அந்த ஒரு பேரை அவர் எத்தனை விதமாக முழங்கியிருப்பார், களமே எழுந்து நின்றிருக்கும்.

"அர... அரச்ச... லூரு," என்றார். "அரச்சலூரு... சாமி."

அதோடு உடைந்தார். முதலில் சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வந்த சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்து வாசலில் நின்றாள். கோகிலா அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மகள் போன அன்றைக்கு அழ வேண்டிய அழுகையை இருவரும் சேர்ந்து அப்போதுதான் அழுதார்கள். ஷமீமா விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அது பொய்யால் வந்ததா, மிது சொன்னதைச் சொன்னதால் வந்ததா, அதைச் சொல்ல ஆளில்லை.

திரும்பி வரும்போது கோகிலாதான் கார் ஓட்டினாள். பக்கத்தில் பூபதி அழுது ஓய்ந்து, மறுபடி அழுது, கைக்குட்டை நனைந்து போய்த் துண்டை எடுத்துக்கொண்டார். கார் அவினாசியைத் தாண்டியது. ரொம்ப மாதத்துக்குப் பிறகு அவர் கை கால் அசையாமல் ஓரிடத்தில் இருந்தது.

"அம்மிணி."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் பொ... ட்டலத்த... நீ பாத்தியா?"

"பாத்தனுங்க. டாக்டரு காட்டுனாங்க. நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

பூபதி தலையாட்டினார். அடுத்த வாக்கியத்தை அவர் கோத்து முடிப்பதற்குள் இரண்டு லாரிகள் தாண்டிப் போயின.

"நல்ல... வேளை," என்றார். "நாந்தான்... அப்படியோன்னு... நெனச்சு... பயந்துட்டேன்."

"நீங்க எப்படீங்க மாமா அப்படி இருப்பீங்க," என்றாள் கோகிலா. அவர் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.